குட்டையைக் காத்த கொடையாளர் ஆஞ்சப்பன் அவர்களுக்கு

பழுதென்று பதறி வருவோர்க்குப் பதறாமல் வழி சொல்லும் பண்பாளரே! ஓசூர்த் தொழிற்பேட்டையில் எங்கள் ஆலையின் பராமரிப்புப் பிரிவை முப்பத்தோராண்டுகள் கட்டிக் காத்த மேற்பார்வையாளரே! கோபம் வந்தால் கன்னடத்திலும், குளிர்ந்தால் தெலுங்கிலும், கறாராகப் பேச மட்டும் தமிழிலும் வாய் திறக்கும் எங்கள் அன்பு அண்ணன் ஆஞ்சப்பன் அவர்களே! நீங்கள் ஓய்வுபெறும் இந்நாளில் வணங்கி மகிழ்கிறோம்.

கம்ப்ரசர் கனைத்தாலும் கன்வேயர் கதறினாலும் கையில் ஸ்பேனரோடு முதலில் வந்து நின்றவர் நீங்கள். திட்டுவதில் தாராளம், லீவு தருவதில் கஞ்சம்! ஆனாலும் எங்களில் ஒருவர் வீட்டில் உடம்பு சரியில்லையென்றால், கேட்காமலே ஷிப்டை மாற்றித் தந்தவரும் நீங்கள்தான்.

மாநாடு என்றால் ஆலை சார்பில் உங்களைத்தான் அனுப்புவார்கள். எழுதிக் கொடுத்த உரையை வாசிப்பீர்கள், மதியச் சாப்பாட்டை முடிப்பீர்கள், அங்கே தந்த பையை எங்களில் யாருக்காவது கொடுத்துவிடுவீர்கள். கிருஷ்ணகிரியில் நடந்த ‘சுற்றுச்சூழலும் வருங்காலத் தலைமுறையும்’ மாநாட்டுக்கும் அப்படித்தான் போனீர்கள். எங்கள் இருசக்கர வாகனங்களுக்கு நிழற்கூரை போட, ஆலைக்குப் பின்னாலிருக்கும் குட்டையை மூட நிர்வாகம் முடிவெடுத்திருந்த நேரம் அது. நீர்வளம் காப்போம் என்று நீங்கள் வாசித்துக்கொண்டிருக்க, மதிலுக்கு அந்தப்பக்கத்து ஊர்க்காரரான ரூபா நிறைமாத வயிற்றோடு எழுந்து நின்றார்.

“சார், உங்க கம்பெனிக் குட்டைய மூடப் போறீங்களாமே? அதுலதான் எங்க கெணறு ஊறுது. எம் வயித்துல இருக்கறதுக்கு நாளைக்கு யாரு தண்ணி குடுப்பாங்க?”

உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தீர்கள். “மூட மாட்டோம்மா, நான் சொல்றேன்” என்றீர்கள். ஐயோ, யாரைக் கேட்டு அண்ணே சொன்னீர்கள்!

மறுநாள் மேலாளர் அழைத்தார். ஓய்வுபெறும் நேரத்தில் வேலையே போய்விடுமோ என்று நாங்கள் அவர் அறை வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். “சொன்னது நான் சார். நடவடிக்கைன்னா எம்மேல எடுங்க, குட்டையில மண்ணக் கொட்டாதீங்க” என்று உங்கள் குரல் கேட்டது. நீங்கள் ஓய்வுபெறும்வரை தொடமாட்டோம், பிறகு பார்க்கலாம் என்றார் மேலாளர்.

அதனால் எங்கள் வண்டிகள் இன்னும் வெயிலில் வேகின்றன. சீட்டில் உட்கார்ந்ததும் துள்ளி எழுந்து உங்களைத் திட்டாதவர் எங்களில் இல்லை. “நல்லா வறுபடுங்கப்பா” என்று சிரிப்பீர்கள். இந்த மாதம் அந்தச் சிரிப்பைக் காணோம். டீ நேரத்தில் தனியாகக் குட்டைக்கரையில் போய் நின்றீர்கள். ரூபாவுக்குக் கொடுத்த வாக்கு இன்றோடு முடிந்துவிடுமே என்று நீங்கள் தவித்தது எங்களுக்குத் தெரியாமலில்லை.

அண்ணே! நிழல் கேட்டவர்கள் நாங்கள்தானே? நேற்று எல்லா ஷிப்டும் சேர்ந்து மேலாளரிடம் போனோம். அசெம்பிளி பிரிவுப் பொற்கொடிதான் பேசினார்: “எங்களுக்கு அந்த எடம் வேணாம் சார். வண்டி வெயில்லயே நிக்கட்டும், குட்ட அப்படியே இருக்கட்டும்.” கேட்டவர்களே வேண்டாமென்றால் எனக்கென்ன என்று சொல்லி, கூரை போடும் வேலையையே நிறுத்திவிட்டார் மேலாளர். இதை உங்களிடம் உளறாமல் ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்ததுதான் எங்களுக்குப் பெரும்பாடு.

உடல் நலமும் உள்ள நிறைவும் உறக்கச் சுகமும் பெற்று, உற்றார் சூழ நெடுங்காலம் வாழ்க! நாளை முதல் நீங்கள் இங்கே இருக்கமாட்டீர்கள். ஆனால் குட்டையை மூடலாமா என்று இனி எவர் வந்து கேட்டாலும், மூட மாட்டோம் என்று சொல்ல நாங்கள் இருக்கிறோம். நிம்மதியாகப் போய் வாருங்கள், அண்ணே.

என்றும் உங்கள் அன்பை மறவாத
ஆலைப் பணியாளர்கள்,
ஓசூர்.