ஐந்தாம் ஸ்தலம்

நீங்கள் கொடுத்தனுப்பிய சக்கர நாற்காலியை நான் திருப்பி அனுப்பியதில் உங்களுக்கு வருத்தம் என்று உபதேசியார் சொன்னார், பாதர். நாற்காலியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் லயத்து வீட்டிலிருந்து கோயிலுக்கு ஏறும் பாதை முழுக்கக் கல்படி. அதில் சக்கரம் எப்படி உருளும்? வீட்டு வாசலிலாவது அவர் உட்காரட்டும் என்கிறாள் என் மகள் கேஷானி. அவளுக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

அவள் புருஷன் ரஜீவனை நான்தான் சுமக்கிறேன். கக்கூசுக்கு, குளிக்க, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு. இந்தப் பெரிய வெள்ளியிலிருந்து இடுப்புக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் தெரியாது. யேசுரத்தினத்தைப் போல ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று அப்புத்தளை டவுன் வரைக்கும் பேச்சு. கேட்க எனக்குக் கசக்கவில்லை.

என் பலத்தைப் பற்றி நான் சொல்லக் கூடாது, தோட்டமே சொல்லும். தேயிலைக் கொழுந்து மூட்டையை லொறியில் ஏற்ற மற்றவர்கள் இரண்டு பேராய்ப் பிடிப்பார்கள். நான் ஒற்றைத் தோளில் போடுவேன். பெரிய வெள்ளி சிலுவைப்பாதையில், லயத்தடியிலிருந்து மேட்டுக் கோயில் வரைக்கும் அந்த மரச் சிலுவை எப்போதும் என்னுடையதுதான். ஐந்தாம் ஸ்தலத்தில் சீமோன் வந்து ஆண்டவருடைய சிலுவைக்குக் கைகொடுக்க வேண்டும் அல்லவா. என் காலத்துச் சீமோன்கள் சும்மா பக்கத்தில் நடந்து வந்தார்கள். மரத்தைத் தொடக்கூட நான் விட்டதில்லை.

போன வருஷம் கோயில் வாசலில் எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டீர்கள். இந்த வருஷம் சிலுவை ரஜீவனுக்கு, சீமோன் வேலை எனக்கு என்றீர்கள். "ஆண்டவரே அடுத்தவன் தோள ஏத்துக்கிட்டாரு, யேசுரத்தினம். நீங்க ஏத்துக்கக் கூடாதா?" என்று சிரித்தீர்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

தவக்காலத்தில் சிலுவையைக் கழுவி எண்ணெய் பூசுவது என் பொறுப்பு. இந்த முறை கழுவியதும், கோயிலுக்குப் பின்னால் பீலிக் குழாய்த் தண்ணீர் விழும் குழியில் அதைக் கிடத்தி மேலே சாக்கைப் போட்டேன். வாரம் முழுக்கக் கிடந்தது. மரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது சுமந்தவனுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் துடைத்து, எண்ணெய் பூசி வைத்தேன். பார்வைக்கு எப்போதும் போலத்தான் இருந்தது.

அவன் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பாதி வழியில் இறக்கி வைக்க வேண்டும், எல்லோரும் திரும்பி என்னைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அவன் இறக்கவில்லை. ரோஷக்காரன். ஐந்தாம் ஸ்தலத்தில் நான் சிலுவையின் பின்கட்டையில் கை வைத்தேன். மழை தூறியது. கல்படி வளைவில், பாட்டுச் சத்தத்துக்குள்ளே, திரும்பாமலே சொன்னான்: "மாமா, முடியல. கொஞ்சம் தூக்கிக் குடுங்க."

எனக்குக் கேட்டது. என் உள்ளங்கை மரத்தின் மேல்தான் இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் நான் தாங்கினேன் என்றுதான் சொல்வார்கள். நான் தாங்கவில்லை. "இன்னும் கொஞ்சந்தான், நட" என்றேன். அவன் சறுக்கிப் பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் குப்புற விழுந்தான். சிலுவை அவன் முதுகின் மேல் விழுந்தது. அதை நான் ஒருவனாகவே தூக்கி எடுத்தேன், அவ்வளவு ஈரத்தோடும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நேற்று அவனைப் பூசைக்குத் தூக்கி வந்தபோது அதே வளைவில் என் முழங்கால் நடுங்கியது. நின்றுவிட்டேன். அவன் கை என் கழுத்தை இறுக்கியது. "மாமா, அந்த நாற்காலிய வாங்கிக்கங்க. ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன். பயமா இருக்கு" என்று அழுதான். பாவம், இறங்கிப் போக அவனால் முடியாது. பிடித்துக்கொள்ள என் தோளை விட்டால் வேறு தோளும் இல்லை. கேஷானி பின்னாலேயே ஓடிவந்து, "அப்பா, நானும் ஒரு பக்கம் புடிக்கிறேன்" என்றாள். தள்ளிப் போகச் சொன்னேன்.

இதுதான் என் பாவம், பாதர். வேண்டுமென்றே நனைத்தேன், வேண்டுமென்றே தாங்காமல் இருந்தேன். மன்னிப்பை மட்டும் கொடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவனை அந்த வளைவு வழியாகத்தான் தூக்கி வருவேன். கைகொடுக்க யாரையும் அனுப்ப வேண்டாம்.