உரிமையாளர் வண்டியில் இருந்தார்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபி மோசமில்லை. எங்கள் தெற்கு யூட்லாந்தில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. நீங்கள் கோபன்ஹேகன் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர் போலத் தெரிகிறது, அதனால் சொல்லி வைக்கிறேன். கல்யாண விருந்து, பேரக்குழந்தை, நல்ல வெயில், எல்லாமே எங்களுக்கு மோசமில்லைதான். என் அண்ணன் அஸ்மஸின் வண்டியும் அப்படித்தான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அண்ணன் வாலிபத்திலேயே எல்லைக்குத் தெற்கே, ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க்கில் ஒரு ஜெர்மன்காரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு, மனத்தை ஆற்றிக்கொள்ள நீளமான கறுப்பு வண்டி ஒன்று வாங்கினார். அங்கே பள்ளிக்கூட வாத்தியார்கள்கூட அப்படிப்பட்ட வண்டியில்தான் போகிறார்கள். அதையே எல்லைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நம் நம்பர் பிளேட் மாட்ட வேண்டுமென்றால் பதிவு வரி கட்ட வேண்டும். டென்மார்க்கில் கார் வாங்குகிறவன் தனக்கு ஒன்றும் அரசாங்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு கார் வாங்குகிறான். ஓட்டுவதற்கு ஒன்றைத்தான் கொடுக்கிறார்கள். நான் ஆயுள் முழுக்க முழங்கால் காதில் இடிக்கிற தகர டப்பாவில் போய்வந்தேன். அண்ணன் வண்டியில் இருக்கையே சூடாகும். சின்ன வயதில் அண்ணனுக்குத்தான் எப்போதும் புதுச் சட்டை. பழசு எனக்கு வரும். இந்த வண்டி மட்டும் பழசாகியும் எனக்கு வரவில்லை. நடுவில் ஒரு எல்லை இருந்தது.

பிறகு அவருக்குக் கண் மங்கியது. வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீயே ஓட்டேன்டா ஹோல்கர். சும்மா கிடந்து துருப்பிடிக்குது" என்றார்.

டென்மார்க்கில் குடியிருப்பவன் வெளிநாட்டு நம்பர் வண்டியை இங்கே ஓட்டக்கூடாது. நான் வரி அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்தேன். எத்தனை பேர் அப்படி விசாரிப்பார்கள்? அந்தப் பெண் சொன்னாள்: "ஓனர் அந்த நாட்டுக்காரரா இருக்கணும் சார். நீங்க ஓட்டறப்ப அவரும் வண்டியில இருக்கணும். அவ்ளோதான்." மறுபடியும் சொல்லச் சொன்னேன். அதே வார்த்தைகளைச் சொன்னாள்.

அன்றிலிருந்து நான் போகிற இடமெல்லாம் அண்ணனும் வந்தார். பேக்கரிக்கு, முடிவெட்டும் கடைக்கு, சனிக்கிழமையானால் பின்னால் இழுவைப் பெட்டியை மாட்டிக்கொண்டு குப்பை பிரிக்கும் மையத்துக்கு. நான் அட்டையை அட்டைத் தொட்டியிலும் கண்ணாடியைக் கண்ணாடித் தொட்டியிலும் போடுவேன். அவர் முன் இருக்கையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பிளாஸ்கிலிருந்து காபி குடிப்பார். என் வீட்டு சோபாவில்தான் பெரும்பாலும் படுக்கை. சட்டம் அவரை இங்கத்திய ஆள் என்று நினைக்கத் தொடங்குவதற்குள் வண்டியோடு கொண்டுபோய் ஃபிளென்ஸ்பர்க் வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்புவேன். அந்த வீடு கொஞ்சம் குளிரும். அதற்கு நான் பொறுப்பில்லை.

பக்கத்து வீட்டு கிரெஸ்டனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு நம்பர் பிளேட்டைக் கண்டால் மேலே போட்டுக்கொடுப்பது எங்கள் தெருவில் குருவிக்குத் தீனி வைப்பது போன்ற நற்காரியம். அவன் வீட்டு வேலி எல்லா இடத்திலும் ஆள் உயரம். என் வாசல் தெரிகிற இடத்தில் மட்டும் இடுப்பளவு. அவன் தயவில் அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் வீட்டுச் செருப்போடு முன் இருக்கையில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டினார். வந்தவர்கள் போய்விட்டார்கள். கிரெஸ்டனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"என்ன ஹோல்கர், அண்ணனைக் கழட்டி வீட்டுக்குள்ள வைக்க மாட்டியா? ஸ்டெப்னி மாதிரி வண்டியிலேயே மாட்டி வச்சிருக்க?"

"அவருக்குக் காத்தாட இருக்கப் பிடிக்கும்."

அண்ணன் கண்ணாடியை இறக்கி, "நான் ஓனர் இல்லப்பா கிரெஸ்டன். நம்பர் பிளேட்டு" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து கிரெஸ்டன் அவருக்கு உப்பு அதிமதுர மிட்டாய் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. போட்டுக்கொடுத்தவன் மிட்டாய் கொடுப்பது என்ன மாதிரி குணம்?

இந்த வசந்தத்தில்தான் அண்ணன் அந்தப் பேச்சை எடுத்தார். எல்லைக்கு இந்தப் பக்கம், ஓபென்ரோவில், கடல் தெரிகிற மாதிரி முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாம். கிரெஸ்டன்தான் சொல்லியிருக்கிறான்.

"ஊருக்கே வந்துடறேன்டா. அங்க ராத்திரியில பேச்சுக்கு ஒரு ஆள் இல்ல."

"இங்க வந்துட்டா வண்டிக்கு வரி கட்டணுமே அண்ணே?"

"வித்துடலாம். எனக்கெதுக்கு வண்டி? கண்ணும் தெரியல."

எனக்கு மனம் நொந்துபோயிற்று. அதை நான் மறைக்கவில்லை. இத்தனை நாள் ஒரு மனிதரைக் கூட்டிக்கொண்டு திரிந்ததற்கு இதுதானா என்று இருந்தது. ஃபிளென்ஸ்பர்க்கிலும் கடல் தெரியுமே என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன சனிக்கிழமை, குப்பை மையத்தில் காய்ந்த கிளைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். அண்ணனின் முகம் சாம்பலாக இருந்தது. கையை நெஞ்சில் வைத்திருந்தார்.

"ஹோல்கர், நெஞ்சை அடைக்குதுடா. ஆஸ்பத்திரிக்குப் போ."

ஆஸ்பத்திரி வழியில்தான் இருக்கிறது. சிக்னலில் சிவப்பு விழுந்தது. இடது பக்கம் திரும்பினால் வாசல். என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவரை உள்ளே விட்டால், உரிமையாளர் மாடியில் படுக்கையில், வண்டி கீழே, நடுவில் நான். அந்த வண்டியை நான் எப்படி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவது? சட்டம் தெளிவாக இருக்கிறது. போதாததற்கு, உள்ளே முகவரி கேட்பார்கள். இனிமேல் இங்கேதான் என்று அவர் சொல்லிவிடுவார். பின்விளைவுகளைப் பற்றி யோசிக்கிற பழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது.

வைத்தியம் பார்க்காமல் விட்டுவிட வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. ஃபிளென்ஸ்பர்க்கிலும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, மோசமில்லை. எல்லையைத் தாண்டிவிட்டால், யார் வண்டியை யார் ஓட்டுகிறான் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. அண்ணன் கதவைத் திறக்கப் பார்த்தார். ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ளும். பயணிகளின் பாதுகாப்புக்காகவே வைத்திருக்கிறார்கள். அமுக்கினேன். பச்சை விழுந்தது. நேராகப் போனேன்.

"டேய், தாண்டிட்ட."

"தெரியும் அண்ணே. உங்க ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."

நெடுஞ்சாலையில் ஏறினோம். இழுவைப் பெட்டி மாட்டியிருந்ததால் வேகமாகப் போக முடியவில்லை. அதற்கென்று ஒரு வரம்பு இருக்கிறது, அதை நான் மீறவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"வண்டிய நீயே வச்சுக்கடா. வரியையும் நானே கட்டிடறேன். திருப்பு, தம்பி."

சின்ன வயதுக்குப் பிறகு அன்றுதான் தம்பி என்று கூப்பிட்டார். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"அவ்வளவு வரி கட்டறது அநியாயம் அண்ணே" என்றேன்.

அவர் என் சட்டைக் கையை விட்டுவிட்டார். இருக்கையைச் சாய்த்து, சூட்டைக் கூட்டி வைத்தேன். எல்லை தாண்டியதும், உங்களுக்கே தெரியும், நம் ஆட்கள் மலிவு விலையில் பீரும் மிட்டாயும் அள்ளுகிற கடைகள். அந்தப் பக்கம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புவது எங்களுக்கு வழக்கமில்லை. இழுவைப் பெட்டி வேறு காலியாக இருந்தது. உள்ளே போய் பீர் எடுத்தேன். அண்ணனுக்குப் பிடித்த பாதாம் இனிப்பு, மார்சிபானும் எடுத்தேன். வெளியே வந்தபோது அவர் சாய்ந்தபடியே இருந்தார். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். இனி ஆஸ்பத்திரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அங்கே கொண்டுபோனால் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். வண்டியைத் திருப்பினேன்.

எல்லையில் உங்கள் இலாகாப் பையன் ஒருவன் கை காட்டி நிறுத்தினான்.

"வண்டி யாருது?"

"எங்க அண்ணனுது."

"அவரு எங்க?"

"இதோ."

குனிந்து பார்த்தான். போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டிருந்தேன்.

"நல்ல தூக்கம் போல."

"மோசமில்ல" என்றேன்.

இறந்தவர் உரிமையாளர்தானா என்று நான் யோசிக்காமல் இல்லை. பெயர் மாறுகிற வரைக்கும் வண்டி அவருடையதுதான். உயிரோடு இருக்க வேண்டும் என்று அந்தப் போன் பெண் சொல்லவில்லை. நான்தான் மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டேனே. அன்றைக்கு வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தினேன். வழியிலேயே அண்ணனின் இருக்கைக்கு மட்டும் சூட்டை அணைத்திருந்தேன். அது நல்லதில்லை என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேக்கரிக்குப் போனோம். நான் சூடான பன் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது கிரெஸ்டன் வண்டி ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தான். கையில் மிட்டாய்ப் பை.

"அஸ்மஸ், அந்த ரூமைப் பிடிச்சு வச்சிருக்கேன்யா! திங்கக்கிழமை போய்ப் பார்த்துடலாம். எந்திரி!"

கதவைத் திறந்து அவர் கையைப் பிடித்தான். பிறகு மிட்டாய்ப் பையைக் கீழே போட்டுவிட்டு, தெருவென்றும் பாராமல் அழுதான். போட்டுக்கொடுப்பவன் அழக் கூடாது என்பதில்லை. அழுதுகொண்டேதான் உங்களுக்குப் போன் போட்டான்.

சரி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியைத் தெரிந்தேதான் தாண்டினேன். கதவைத் தெரிந்தேதான் பூட்டினேன். கடைக்குள் போகும்போது அவருக்கு மூச்சு இருந்தது. என்னைப் பார்த்தார். நான் பீரை நிதானமாகத்தான் தேர்ந்தெடுத்தேன். இரண்டு வகையை வைத்துக்கொண்டு எது வாங்கலாம் என்று யோசித்தேன். திருப்பு தம்பி என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு அண்ணனைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்த வண்டி கீழே உங்கள் முற்றத்தில் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேக்கரி வாசலிலிருந்து அதை இங்கே ஓட்டிக்கொண்டு வந்தது உங்கள் ஆள். அவர் டென்மார்க்கில் குடியிருப்பவர்தானே? அண்ணனை அதற்கு முன்பே இறக்கிவிட்டீர்கள். நான் யாரிடமும் போட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் உரிமையாளர் உள்ளே இல்லாமல் அந்த வண்டி இந்த நாட்டில் ஓடியது அதுதான் முதல் தடவை.