பூஜை போட்ட சர்வர்

எழுதிக்கொள்கிறவரின் பேனா கசிகிறது, இன்ஸ்பெக்டர் சார். என் சட்டைப் பையில் இருந்த பேனாவை வாங்கி வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதையே அவருக்குக் கொடுங்கள். எழுத்து தெளிவாக இருக்க வேண்டும்.

பெயர் சங்கரன். வயது நாற்பத்தொன்று. மேற்கு மாம்பலத்தில் ஒண்டிக்கட்டை. தி. நகரில் பனகல் பார்க்குக்குப் பின்தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி. முதலாளி கனகராஜ் நெல்லைப் பக்கத்துக்காரர். அண்ணன்மார் கீழே புடவை விற்க, இவர் மட்டும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து மேலே ப்ரோக்ராம் விற்றார். நோயாளியின் எடையைத் தட்டினால், எவ்வளவு மருந்து ஏற்ற வேண்டும் என்று அது சொல்லும். சின்ன நர்சிங் ஹோம்கள் வாங்கினார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ப்ரோக்ராம் தினமும் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண் உண்டு. சோதித்துப் பார்த்து, கோளாறு இல்லை என்று தெரிந்த எண்ணுக்கு ஸ்டேபிள் என்று பெயர். புது நர்சிங் ஹோம் வந்தால் ஸ்டேபிளிலிருந்து அவர்களுக்கென்று ஒரு கிளை, அதாவது தனிப் பிரதி, பிரித்துக் கொடுக்க வேண்டும். முன்பு இதைக் கையால் செய்தார்கள். அவசரத்தில் அன்றைக்கு எது கையில் கிடைத்ததோ அதிலிருந்து பிரித்துவிடுவார்கள், அப்புறம் அடி வாங்குவார்கள்.

நான் அதற்கு ஒரு ஸ்கிரிப்ட், தானாக ஓடுகிற குட்டி ப்ரோக்ராம், எழுதினேன். ஆபீசின் பொதுக் கம்ப்யூட்டரான சர்வரில் ஒரு ஃபைல், அதில் ஒரே ஒரு எண். நர்சிங் ஹோம் தொடங்குகிற அன்று காலை ஆறு மணிக்கு ஸ்கிரிப்ட் தானாக எழுந்து, அந்த எண்ணைப் படித்து, கிளை பிரித்து, பிளாப்பியில் ஏற்றி வைத்துவிடும். ஒன்றரை வருஷத்தில் ஒரு தவறு கிடையாது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஜஹனாரா எங்களிடம் சேர்ந்து எட்டு மாதம். கெட்டிக்காரி. அதுதான் எனக்கு முதலில் இடித்தது. ஆடி மாதத்தில் ஒருநாள், என் ஸ்கிரிப்ட் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டாள். சொன்னேன். மறுவாரம் அதை ஒரு நோட்டில் எழுதித் தரச் சொன்னாள். கனகராஜும் கூடச் சேர்ந்துகொண்டார்.

"எழுதிக் குடுத்துருங்க சங்கரன். யாரு இருந்தாலும் இல்லைன்னாலும் ஆபீஸ் ஓடணும்லா?"

யார் இல்லாமல் போகப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வயிறெரிந்தது, சார். அன்றிலிருந்து அவளைக் கவனித்தேன். அவள் கனகராஜ் அறைக்குள் போய் எத்தனை நிமிஷம் இருக்கிறாள் என்று பார்த்தேன். நான் உள்ளே நுழைந்தால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எனக்குக் குழி பறிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்போது ஸ்டேபிள் நூற்றெண்பத்தேழு. ஜஹனாரா எழுதிக்கொண்டிருந்த அரைகுறை வேலை நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அதில் எடையின் புள்ளி விழுந்துவிடும். மூன்று புள்ளி இரண்டு என்று தட்டினால் முப்பத்திரண்டு என்று எடுத்துக்கொள்ளும். 'இன்னும் சரியாகவில்லை' என்று அவளே அதில் குறிப்பு எழுதி வைத்திருந்தாள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவள் சாப்பிடப் போனாள். திரையைப் பூட்டாமல் போகிற வழக்கம் அவளுக்கு. மூன்று முறை எச்சரித்திருக்கிறேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலில் இருந்த எண்ணை மாற்றினேன். மாற்றியது யார் என்ற இடத்தில் அவள் பெயர் விழுந்தது. ஆதம்பாக்கத்தில் ஒரு நர்சிங் ஹோம் விஜயதசமியன்று தொடங்குவதாக இருந்தது. தப்பான கணக்கு வரும், நர்ஸ் கண்டுபிடித்துக் கத்துவாள், கனகராஜ் இவளை வீட்டுக்கு அனுப்புவார். நான் நினைத்தது அவ்வளவுதான்.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் பூஜை முடிந்தது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், பூ. சர்வரை மட்டும் அணைக்க மாட்டோம். அதன் மேல் கீழ்க்கடையிலிருந்து ஒரு பட்டுத்துணி கொண்டுவந்து போர்த்தினார்கள். மறுநாள் மறுபூஜை ஆகும்வரை யாரும் கருவியைத் தொடக் கூடாது.

ஜஹனாரா ஒரு இனிப்புப் பெட்டியோடு என்னிடம் வந்தாள்.

"சார், இந்த மாசத்தோட நான் கிளம்பறேன். கல்யாணம். பெங்களூர் போறேன். அதான் உங்க ஸ்கிரிப்ட் நோட்டை வாங்கி, அடுத்து வர்றவங்களுக்குப் பழக்கிக் குடுத்துட்டுப் போலாம்னு பாத்தேன். உங்களுக்கும் ஒரு அசிஸ்டெண்ட் போடணும்னு கனகராஜ் சார்கிட்ட சொல்லிட்டே இருக்கேன்."

ஒரு மைசூர்பாக் எடுத்துக்கொண்டேன். என் சந்தேகம் தப்பு என்று எனக்குத் தெரிந்தபோது மணி பதினொன்று. ஸ்கிரிப்ட் ஓட இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

சர்வர் பக்கத்தில் முதல் நாள் மாலையில் அச்சான தாள் கிடந்தது. அடுத்த கிளை எந்த எண்ணிலிருந்து என்று அதில் இருக்கும். அவள் கண்ணில் அது பட்டது.

"இது என்ன, தொண்ணூத்தி மூணுன்னு வந்திருக்கு? நான் முடிக்கவே இல்லையே!"

பட்டுத்துணியை விலக்கிக் கீபோர்டில் கைவைக்கப் போனாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தொடாதீங்கோ. பூஜை பண்ணியாச்சு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கனகராஜின் முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, சாமி கும்பிட்டு வச்சிருக்கோம்லா? நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

"காலைல ஆறு மணிக்குத் தானா ஓடிடும் சார்."

"நான் அஞ்சரைக்கே வந்து கற்பூரம் காட்டிட்டு மாத்திடறேன். நீங்க கவலைப்படாதீங்கோ" என்றேன். அவள் என்னை நம்பினாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கே விழித்துக் குளித்துவிட்டேன். போகவில்லை. போய் மாற்றினால் யார் மாற்றியது என்ற பேச்சு வரும். எண் மாறிய நேரமும் சர்வரில் பதிவாகியிருக்கும்; அப்போது அவள் சாப்பிடப் போயிருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆறு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் வந்து மாற்றியிருப்பேன் என்று நினைத்து, ஆறேகாலுக்குக் கனகராஜ் பிளாப்பியை எடுத்துக்கொண்டு நல்ல நேரத்துக்கு ஆதம்பாக்கம் போய்விட்டாராம். பிளாப்பியை எடுப்பது கருவியைத் தொடுவதில் சேராதாம்.

ஒன்பது மணிக்கு ஜஹனாரா கேட்டாள்: "மாத்திட்டீங்கல்ல சார்?"

"மாத்தியாச்சு" என்றேன்.

ஆதம்பாக்கத்தில் அன்றைக்குச் சேர்த்த குழந்தை பிறந்து பதினோரு நாள். எடை மூன்று புள்ளி இரண்டு கிலோ. மருந்து சாயங்காலம் ஏற்றியிருக்கிறார்கள். ராத்திரியே இறந்துவிட்டது. நர்ஸுக்குச் சந்தேகம் வந்து இரண்டு முறை தட்டிப் பார்த்தாளாம். கம்ப்யூட்டர் இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொன்னதாம். மூன்றாவது முறை டாக்டரைக் கேட்டிருக்கலாம். அது அவள் தவறு. குழந்தையின் அம்மா பெயர் சரண்யா என்று பேப்பரில் பார்த்தேன்.

ஜஹனாராவைப் பற்றி உங்கள் ஆட்களிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பூஜை அன்றைக்கு அவள் சர்வரில் கைவைக்கப் போனதைப் பார்த்தீர்களா என்றார்கள். பார்த்தேன் என்றேன். அதை ஒன்பது பேர் பார்த்தார்கள். இந்தப் பிப்ரவரியில் கோயம்புத்தூரில் குண்டு வெடித்த பிறகு அவள் பெயரைக் கேட்டதுமே மற்றதெல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது. நான் மாற்றுவதாகச் சொன்னேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அவள் உள்ளே போய் இன்றோடு பன்னிரண்டு நாள். அவள் அப்பா அக்பர் பாஷா தினமும் வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்கிறார். "தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்பார். அவருக்கு வழிவிட்டு ஓரமாக ஏறிப் போவேன். அப்போதெல்லாம் உங்களிடம் வரத் தோன்றவில்லை.

நேற்று கனகராஜ் எல்லோரையும் கூப்பிட்டு, "எல்லாம் அந்த ஸ்கிரிப்ட்டால வந்த வினை. தானா ஓடுற எதையும் நம்பக் கூடாது. அழிச்சிருங்க. இனிமே கையாலேயே பிரிப்போம்" என்றார். என் கண் முன்னால் அழித்தார்கள், சார். அதைத் தாங்க முடியாமல்தான் வந்தேன்.

எண்ணை மாற்றியவன் நான். தெரிந்தும் விட்டவன் நான். கொன்றவன் என்று எழுத வேண்டுமானால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் கொடுத்த எண்ணை எடுத்து, நான் சொன்ன நேரத்துக்கு, ஒரு நொடி பிசகாமல் ஸ்கிரிப்ட் தன் வேலையைச் செய்தது. அதன் மேல் பழி போடக் கூடாது. பாவம், அது ஒன்றும் அறியாது.