உப்பு எரிக்காத கால்

புத்தளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு பேர் இருந்தார்கள்.

“சீனி வருத்தத்துக்கு டொக்டர் தந்த குளிசைய விட்டுட்டன் மச்சான். இப்ப கொவ்வ எலச் சாறுதான். பாரு, உள்ளங்கால்ல வெட்டு. உப்புத் தண்ணிக்குள்ள நின்டும் எரியல்ல!” என்று ஒருவர் காலைத் தூக்கிக் காட்டினார்.

இப்படியும் ஒரு இலையா என்று எனக்கு மயிர் சிலிர்த்தது.

மற்றவர் குனிந்து காயத்தில் பெருவிரலை வைத்தார். “நோவுதா?”

“அமத்து, பாப்பம்.”

“அமத்திக்கிட்டுத்தானே இரிக்கிறன்!”

சாறு குடித்தவர் தன் காலை வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

“எரியிறதும் அல்லாஹ் இரங்கித் தந்த ரஹ்மத்துதான் மச்சான்,” என்றார் மற்றவர். “இது சுகமில்ல, சீனி கூடிக் கால் செத்துக்கிட்டு வருது. எழும்பு, ஆஸ்பத்திரியடியில எறங்குவம்.”

இருவரும் இறங்கினார்கள். நான் செருப்பைக் கழற்றி என் உள்ளங்காலைக் கிள்ளிப் பார்த்தேன். சுப்ஹானல்லாஹ், நன்றாக வலித்தது.