பதினான்கு ஸ்க்ரூவும் ஒரு பச்சை முத்திரையும்

பெயர் தனலெட்சுமி த/பெ சின்னையா. வயது 46. பினாங்கு, ரெலாவ் அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாசில் மடிக்கணினி செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை, இப்போது லைன் லீடர். நான் தமிழில் சொல்லச் சொல்ல போலீஸ் சார்ஜன் குணசீலன் எழுதிக்கொண்டார்.

சுற்றுச்சூழல் முத்திரை அலுவலகத்துப் பரிசோதகர் புவான் (திருமதி) நொராய்னி, ஜூன் 12-ஆம் தேதி எங்கள் தொழிற்சாலையில் வேண்டுமென்றே ஸ்க்ரூடிரைவரால் பேட்டரியைக் குத்தித் தீப்பிடிக்க வைத்தார் என்று மேனேஜர் கோர் எங் சூன் புகார் கொடுத்ததன் பேரில் என்னை விசாரித்தார்கள். இந்தப் புகாரால் புவானை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அறிகிறேன். புகார் பொய்.

எளிதில் பிரிக்க முடிகிற பொருளுக்குத்தான் அந்தப் பச்சை முத்திரை கொடுப்பார்கள். ஜனவரி மாதம் அதற்காக ஒரு மாதிரி மடிக்கணினி செய்யச் சொன்னார்கள். அதை நான் என் கையாலேயே பூட்டினேன். பதினான்கு ஸ்க்ரூ, ஒரு சொட்டுப் பசை கிடையாது. புவான் வந்து தனியாளாக, சாதாரண ஸ்க்ரூடிரைவரால் அதைப் பிரித்தார். கழற்றிய ஸ்க்ரூக்களைத் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் போட்டு, ஒவ்வொன்றாக எண்ணினார். “புவான், கடைசியில எல்லாத்தையும் எங்களுக்குத் திருப்பிக் குடுத்துருவீங்கல்ல?” என்று மேனேஜர் கிண்டல் செய்தார். “மூடி மட்டும் என்னோடது” என்றார் புவான். எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று நான் கேட்டேன். அவர் என்னை ‘கக்’, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார். “கக் தனம், இது பழசானதும் யாரோ ஒருத்தன் பழைய இரும்புக் கடையில உட்காந்து பிரிப்பான். அவன் கையில இதுதான் இருக்கும்” என்று ஸ்க்ரூடிரைவரைக் காட்டினார். பத்தொன்பது வருடத்தில் அந்த ஆளைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளும்படி சார்ஜனிடம் சொன்னேன்.

அதன் பிறகு நான் அதைத் திரும்பப் பூட்டி வைத்தேன், முத்திரையும் கிடைத்தது. அதன் பிறகு மார்ச் மாதம், ஸ்க்ரூ முடுக்க நேரம் ஆகிறது என்று பேட்டரியைப் பசையால் ஒட்டச் சொன்னார் மேனேஜர். முத்திரை என்னாகும் என்று கேட்டதற்கு, “முத்திரை வெளியிலதானே இருக்கு, பசை உள்ளதானே இருக்கு. எவன் தொறந்து பாக்கப் போறான்? உன் வேலையப் பாருலா” என்றார். நான் என் வேலையைப் பார்த்தேன். ஒட்டியவற்றின் மேலும் பச்சை முத்திரையை ஒட்டினோம். அது என் தப்பு.

ஜூன் 12 காலை பத்து மணிக்குப் புவான் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். புவான் அதையே எடுத்துப் பார்க்கட்டும் என்று மேனேஜர் சொன்னபடி, நான் ஜனவரியில் செய்த மாதிரியைப் பெட்டியில் போட்டு, விற்பனைக்கு அடுக்கியிருந்த பெட்டிகளின் மேல் வைத்தேன். புவான் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. குனிந்து, அடி வரிசையில் மூன்றாவது பெட்டியைக் காட்டி, “இது வேணும்” என்றார். அம்மாடி, கெட்டிக்காரி!

அதன் பிறகு அவர் அந்த மடிக்கணினியின் அடி மூடியைக் கழற்றினார். நான்கே ஸ்க்ரூ. எண்ணிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஸ்க்ரூடிரைவரை டப்பா மூடியில் வைத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் பேட்டரியை நெம்பினார். பசை விடவில்லை, பேட்டரி வளைந்து புகைந்தது. அப்போது ஸ்க்ரூடிரைவர் மூடியில்தான் இருந்தது. நான் இரண்டடி தள்ளி நின்று என் கண்ணால் பார்த்தேன். முதலில் ஓடியவர் மேனேஜர். “எல்லாரும் வெளிய போங்க!” என்று கத்திவிட்டு, புவான் அதை அப்படியே தூக்கி மணல் வாளிக்குள் போட்டார். இடது உள்ளங்கை வெந்துவிட்டது. வலது கையால், ‘முத்திரை செல்லாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிளினிக்குக்குப் போனார். அப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஜனவரி மாதிரியை உடைத்துக் குப்பையில் போடச் சொன்னார். நான் அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். தொழிற்சாலைப் பொருளை அப்படி எடுத்தது குற்றம், வேலையும் போகலாம் என்று சார்ஜன் எச்சரித்தார். போனால் போகட்டும், இன்று அதைக் கொண்டுவந்து ஒப்படைத்தேன்.

சார்ஜன் ஸ்க்ரூடிரைவர் கேட்டார், என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இந்த வேலையே தெரியாத அவர், இந்த மேசையிலேயே, தேநீர்த் தட்டில் எண்ணிப் போட்டபடி பதினான்கு ஸ்க்ரூவையும் கழற்றினார். பேட்டரி அவர் கையோடு வந்தது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னது இதுதான், எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சி. தனலெட்சுமி