ஐந்து நாற்பதுக்கு அழகர் இருந்த இடம்

பிளேன்டீ ஆறிவிடப் போகிறது, குடியுங்கள் றஸ்மியா மிஸ். வெள்ளவத்தையில் இந்த ஒரு கடையில்தான் இஞ்சியைத் தட்டிப் போடுகிறார்கள். அதற்காகவே உங்களை இங்கே வரச் சொன்னேன்.

அழகருக்காக வழக்குப் பேசுகிற நீங்கள், அவருடைய பொலிஸ் பதிவுப் படிவத்தைச் சிங்களத்தில் நிரப்பியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். அவருக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. அட்டனிலிருந்து வந்து எங்கள் லேனில் அறை எடுத்திருந்தவர்; வெளியூரிலிருந்து வந்து தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டுமே. கொள்ளுப்பிட்டியில் இருவரும் ஒரே கம்பனி, பக்கத்துப் பக்கத்து மேசை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நிரப்பிக் கொடுத்தேன். “அண்ணே, நாலு மணிக்கே பொலிஸுக்குக் கெளம்புறேன். லேட்டானா லைன் நீண்டுரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வேலை ஒரு தொலைபேசிக் கம்பனிக்கு மென்பொருள் செய்வது. முப்பது பேர் துண்டு துண்டாக எழுதுவதை ஒன்றாகக் கோக்க ஒரு கருவி உண்டு. அந்தக் கருவிக்கு ஒழுங்கு எழுதிக் கொடுப்பவன் நான். ஒரு கோப்பில் ஒவ்வொரு வேலைக்கும் பெயர் வைத்து, எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். அரிசியைக் களைந்த பிறகுதான் உலையில் போடலாம் என்கிற மாதிரி. ‘ரிலீஸ்’ என்ற வேலைக்குப் பக்கத்தில் ‘டெஸ்ட்’ என்று நானே குறித்திருந்தேன். டெஸ்ட் தவறினால் ரிலீஸ் போகாது. பிழையான மென்பொருள் வெளியே போகாமல் இருக்க அது ஒன்றுதான் பூட்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் ரிலீஸ் போயிருக்க வேண்டும். டெஸ்ட் இரண்டு தரம் தவறியது. பிழையைத் தேடித் திருத்தி மறுபடி ஓட விட்டால் இரவாகிவிடும். இருட்டிய பிறகு பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து இறக்கினால் தமிழராகிய எங்கள் பாடு என்ன என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்திய மாதம்தான் என்னை நாலு மணித்தியாலம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் ரிலீஸுக்குப் பக்கத்தில் இருந்த ‘டெஸ்ட்’ என்ற சொல்லை அழித்தேன். மென்பொருள் நேரே போய்விட்டது.

மாற்றம் செய்தவரின் பெயரும் நேரமும் தானாகவே பதிவாகும். ஐந்து நாற்பது, அழகர் என்று பதிவானது. அவர் அவசரத்தில் கணினியைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போயிருந்தார். நான் அதில் உட்கார்ந்தேன். என் கணினியை ஏற்கெனவே மூடிவிட்டதால் அப்படிச் செய்தேன் என்று உங்களிடம் சொல்லலாமென்று வரும் வழியில் யோசித்தேன். அது சரியில்லை. என் கணினியும் திறந்துதான் இருந்தது. ஏச்சு விழுந்தால் அவருக்கு விழட்டும், வயதில் இளையவர், தாங்குவார் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை அந்த மென்பொருள் படுத்துவிட்டது. நகரத்தில் குண்டு வெடித்ததும் அதே காலைதான். மூன்று மணித்தியாலம் அந்தக் கம்பனியின் தொலைபேசியில் யாரும் யாரோடும் கதைக்க முடியவில்லை. வெறும் ஏச்சோடு போகுமென்று நான் நினைத்தது நாசவேலை என்று ஆகிவிட்டது.

சிவில் உடையில் இருவர் வந்தார்கள். கணினியில் இருந்த பதிவைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். அழகர் என்னைப் பார்த்தார்.

“அண்ணே, அந்நேரம் நான் பொலிஸ்ல லைன்ல நின்னேன். ஒங்களுக்குத் தெரியும்தானே, சொல்லுங்க.”

படிவத்தில் திகதி இருந்தது, நேரம் இல்லை. வந்தவர்களில் மூத்தவர் என்னிடம் சிங்களத்தில், மரியாதையாகத்தான் கேட்டார். அந்த நேரம் இவர் ஒபிஸில் இருந்தாரா?

“ஹிட்டியா” என்றேன். இருந்தார் என்று அர்த்தம். குரல்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நித்திரை வருவதில்லை. அழகருக்கும் பேச்சுச் சிங்களம் நன்றாக விளங்கும். அப்போதே அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பதினொரு மாதம் ஆகிறது. அவருடைய அம்மா பழனியம்மா மாதம் ஒரு தரம் ரயிலில் வருகிறார். கோட்டை ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவந்து, சோறு வாங்கிக் கொடுத்து, சிறை வாசல் வரை கொண்டுபோய் விடுகிறேன். உள்ளே போவதில்லை. நான் பொய் சொன்னதை அழகர் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தாய்க்குக் கொழும்பில் வேறு ஆளில்லை என்று யோசித்திருப்பார். “நீங்க ஒருத்தருதான் ஐயா எங்களுக்கு நாதி” என்று போன முறை அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் செய்தது பாவம், மிஸ். அதற்கு வேறு பெயர் தேட மாட்டேன்.

நான் கையெழுத்துப் போட நீங்கள் சத்தியக் கடதாசி கொண்டுவந்திருப்பதைக் கண்டேன். அதை உள்ளே வையுங்கள். எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட மாட்டேன். நீதிமன்றத்தில் கேட்டாலும் அவர் ஒபிஸில்தான் இருந்தார் என்றே சொல்வேன். ஆனால் உங்களிடம் ஒன்றையும் ஒளிக்கவில்லை. பதினொரு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் மனம் கொஞ்சம் இலேசாக இருக்கிறது. என் கடமையை நான் செய்துவிட்டேன். இனி அழகரை வெளியே எடுப்பது உங்கள் பொறுப்பு.