முப்பது நாள் ஆஸ்பத்திரி

டெல்ஃபினா: நான் எழுதினதுல நீ சேத்த அந்த வரிய அடிச்சிடு அண்ணா.

ஒரேஸ்தே: எந்த வரி?

டெல்ஃபினா: தெரியாத மாதிரி கேக்காத. "1927இல் முப்பது நாள் சிறையில் இருந்தார்." அம்மா போய் இன்னும் ஒரு மாசம் ஆகல. இத்தாலியர் சங்கத்துல அஞ்சலிக் கூட்டம், ஊரே உக்காந்திருக்கும். இதையா வாசிப்பே?

ஒரேஸ்தே: நான் எங்க வாசிக்கப்போறேன்? டீச்சரம்மா நீ இருக்கியே. நாலு மணிக்கு நீதான் மேடையில.

டெல்ஃபினா: அப்போ வாசிக்கமாட்டேன்.

ஒரேஸ்தே: சரி, சரி... முதல்லேருந்து வா.

டெல்ஃபினா: "எர்சிலியா வன்னூச்சி இத்தாலியின் கர்ராராவில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் தனியாகக் கப்பலேறி, சலவைக்கல் வெட்டும் ஊரிலிருந்து கருங்கல் வெட்டும் அமெரிக்காவின் இந்த வெர்மான்ட் ஊருக்கு வந்தார்."

ஒரேஸ்தே: அம்மா தூக்கிட்டு வந்த மாவு மூட்டைய விட்டுட்டியே! துறைமுகத்துல அந்த அதிகாரி மூட்டைக்குள்ள கைய விட்டான், அம்மா அவன் கையிலயே ஒண்ணு வச்சா.

டெல்ஃபினா: அதிகாரிய அடிச்சதையும் எழுதணுமா?

ஒரேஸ்தே: அடியில்லடி... தட்டு. லேசா ஒரு தட்டு.

டெல்ஃபினா: அடுத்து அப்பா. "கல் தூசி நுரையீரலில் இறங்கி, முப்பத்தெட்டு வயதில்..."

ஒரேஸ்தே: அவர் சட்டை துவைச்ச தண்ணி ஞாபகம் இருக்கா? தொட்டிக்கு அடியில மாவு மாதிரி படிஞ்சு கிடக்கும். அம்மா அத விரலால வழிச்சு எடுத்துக் காட்டுவா. "இதுதான் உங்கப்பனத் தின்னுது"ன்னு.

டெல்ஃபினா: எனக்கு அந்த இருமல்தான் ஞாபகம். அப்புறம், அது நின்ன காலை.

ஒரேஸ்தே: ம்...

டெல்ஃபினா: காபி ஆறுது பாரு.

ஒரேஸ்தே: குடிக்கிறேன். அதுக்கு மேல என்ன... "தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்." தையலா! அம்மாவுக்கு ஊசியில நூல் கோக்க வராதுடி!

டெல்ஃபினா: வேற என்ன எழுதுறதாம்?

ஒரேஸ்தே: சங்கத்துல இருக்கற பாதிக் கிழவனுங்க இதே அடுக்களையில உக்காந்து குடிச்சவனுங்க. தையல்னு நீ வாசி... கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி சிரிப்பானுங்க.

டெல்ஃபினா: மதுவிலக்கு காலத்துல திருட்டு ஒயின் வித்தான்னு எழுதச் சொல்றியா?

ஒரேஸ்தே: ஆமா. புருஷன் போயாச்சு, கையில ரெண்டு பிள்ளைங்க. கல் வெட்டறவனுங்க பொண்டாட்டிங்க அத்தனை பேரும் விதவையானா அதத்தான் செஞ்சாளுங்க. நம்ம அம்மாவோட ஒயின் கொஞ்சம் நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான்.

டெல்ஃபினா: உனக்கென்ன, பதிமூணு வயசு. தெருவுலயே கிடப்பே. எனக்கு ஒன்பது. பள்ளிக்கூடத்துல என் பேரே "சாராயக்காரி பொண்ணு". சாயங்காலமானா பாட்டு, சீட்டாட்டம், கத்தல்... இதே மேஜையில ஒரு ஓரமா நான் வீட்டுப்பாடம் எழுதணும்.

ஒரேஸ்தே: உன் நோட்டு மேல எவனாவது கிளாஸ வச்சா அம்மா காதத் திருகிடுவா.

டெல்ஃபினா: திருகினா? கறை போயிடுமா?

ஒரேஸ்தே: அடேயப்பா... இன்னுமா அந்தக் கோபம்?

டெல்ஃபினா: கோபம் இல்ல. விடு.

ஒரேஸ்தே: ஜெயில்லேருந்து வந்து என்ன சொன்னா, சொல்லு? "அமெரிக்கா வந்ததுலேருந்து இப்பத்தான் முழுசா எட்டு மணி நேரம் தூங்கினேன்"னா! ஜெயிலர் பொண்டாட்டிக்கு சமையல் வேற சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கா.

டெல்ஃபினா: நாம ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டுத் திரிஞ்சோம்.

ஒரேஸ்தே: பக்கத்து வீட்டு ஸாயிரா தினம் சூப்பு கொண்டுவருவா. "ஆஸ்பத்திரிக்குக் குடுத்தனுப்பு ராசா"ன்னு கண்ணடிப்பா. அவளுக்கா தெரியாது? அவ வீட்டுலயும் ரெண்டு பீப்பாய்!

டெல்ஃபினா: சிரிக்காத அண்ணா.

ஒரேஸ்தே: அம்மாவே சிரிச்சாளே. குடியுரிமை குடுக்கறப்போ நீதிபதி, "எப்பவாவது கைதாகியிருக்கீங்களா?"ன்னார். "ஆமா, முப்பது நாள். மெத்தை நல்லா இருந்துச்சு." நீதிபதிக்கே சிரிப்பு தாங்கல. அவ ஒரு நாளும் மறைச்சதில்ல டெல்ஃபி. நீ எதுக்கு மறைக்கறே?

டெல்ஃபினா: நகரு, சமையல் வேலை கிடக்கு.

ஒரேஸ்தே: ஏய்... என்னது, கண்ணெல்லாம்...

டெல்ஃபினா: வெங்காயம்.

ஒரேஸ்தே: வெங்காயம் இன்னும் கூடையில இருக்கு.

டெல்ஃபினா: அண்ணா... அன்னிக்குப் போலீஸ் வீட்டுல வேற ஒரு இடமும் தேடல. நேரா நிலவறைக்குப் போனாங்க. உருளைக்கிழங்குக் குவியலத் தள்ளினாங்க. மூணு பீப்பாயையும் எடுத்தாங்க. எப்படின்னு நீ யோசிச்சதே இல்லியா?

ஒரேஸ்தே: நீ சொல்லு.

டெல்ஃபினா: நான்தான். பள்ளிக்கூட முக்குல நின்ன போலீஸ்காரன்கிட்ட நானா போய்ச் சொன்னேன். பீப்பாயத் தூக்கிட்டுப் போயிடுவான், அந்த ஆளுங்க வரமாட்டானுங்க, நான் படிக்கலாம்... அவ்வளவுதான் நெனச்சேன். அம்மா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவான்னு... சத்தியமா தெரியாது அண்ணா.

ஒரேஸ்தே: டெல்ஃபி...

டெல்ஃபினா: இரு, சொல்லிடறேன். முப்பத்தோரு வருஷம். கடைசி வாரம் பூரா அவ கட்டில் பக்கத்துலயே இருந்தேன். வாய் வரைக்கும் வரும், முழுங்கிடுவேன். போயிட்டா. காட்டிக் குடுத்தவளத்தான் அவ டீச்சருக்குப் படிக்க வச்சான்னு தெரியாமலே போயிட்டா.

ஒரேஸ்தே: முடிஞ்சுதா?

டெல்ஃபினா: முடிஞ்சுது. திட்டு.

ஒரேஸ்தே: நீயா வாயத் தொறக்கற வரைக்கும் நான் தொறக்கக்கூடாதுன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா.

டெல்ஃபினா: என்ன சத்தியம்? எத... அப்போ அம்மாவுக்கு...

ஒரேஸ்தே: முதல் நாளே தெரியும். ஸ்டேஷன்ல அந்தப் போலீஸ்காரனே உளறிட்டான். நான் ஜெயிலுக்குப் பாக்கப் போனேன். அழுவான்னு பாத்தா, பல்லெல்லாம் தெரிய சிரிக்கறா. "ஒரேஸ்தே, பதினாறு வருஷமா இந்த நாட்டுல இருக்கேன். கடையில ரொட்டி கேட்டாக்கூட நாலு தடவ சொல்லணும். நம்ம வீட்டுச் சின்னது, ஒன்பது வயசு, போலீஸ்காரன நிறுத்தி, நிலவறை, உருளைக்கிழங்கு, மூணு பீப்பாய்னு இங்கிலீஷ்ல சொல்லியிருக்கா. அவன் திருப்பிக்கூடக் கேக்கலியாம்டா! இவள டீச்சராக்கறோம்"னா.